ஊசியை நம்புமுன்: காரின் தெர்மோஸ்டாட்டும் வெப்ப சென்சரும் எங்கே இருக்கின்றன?

கிளிநொச்சியில் இருந்து யாழ்ப்பாணம் வந்துகொண்டிருந்தேன். ஆனையிறவு தாண்டியதும் வெப்ப ஊசி நடுக்கோட்டை விட்டு மேலே ஏறியது. பளைக்கு அருகில் சிவப்பைத் தொட்டது. ஓரம் கட்டலாமா என்று யோசிப்பதற்குள் மளமளவென்று கீழே இறங்கிவிட்டது. காற்றுப் பட்டு ஆறிவிட்டது என்று மகிழ்ந்து மிதித்தேன். கொடிகாமம் வருமுன் கார் நின்றது. ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் வெடித்துத் தண்ணீர் முழுவதும் ஏ9 வீதியில் போயிருந்தது. ஹெட், அதாவது சிலிண்டர்களை மேலே மூடும் பாகம், வளைந்துவிட்டது. அந்த மாதச் சம்பளம் அதிலேயே முடிந்தது.

ஊசி பழுதாகவில்லை. தண்ணீர் போனதும் சென்சரின் முனை வெறும் ஆவியில் நின்றது. தன்னைத் தொட்டது எதுவோ அதன் சூட்டை அது சொன்னது. காருக்குள் எந்தச் சென்சரும் ‘என்ஜினின் சூட்டை’ அளப்பதில்லை. தான் பொருத்தப்பட்ட இடத்தின் சூட்டை மட்டுமே அளக்கிறது. தெர்மோஸ்டாட்டும் அப்படித்தான். ஆகவே புதிதாகக் கார் வாங்கியவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, தன் காரில் இவை எந்த இடத்தில் இருக்கின்றன என்பது. ஓட்டோவும் மோட்டார் சைக்கிளும் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் இந்தக் கவலை இல்லாதவர்கள்; அவற்றில் மிகுதியானவை காற்றாலேயே ஆறுகின்றன.

தண்ணீர் போகும் வழி

வாட்டர் பம்ப் தண்ணீரை என்ஜின் புளொக்குக்குள் தள்ளுகிறது. அது சிலிண்டர்களைச் சுற்றி மேலே ஹெட்டுக்கு ஏறி, அங்குள்ள கடும் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே வருகிறது. அங்கிருந்து இரண்டு பாதைகள். ஒன்று பெரிய ஹோஸ் வழியாக ரேடியேட்டருக்கு. மற்றது ஆறாமலே பம்புக்குத் திரும்பும் குறுக்கு வழி. இதைப் பைபாஸ் என்பார்கள். எந்தப் பாதையில் எவ்வளவு போகலாம் என்று தீர்மானிக்கும் வாயிற்காவலன்தான் தெர்மோஸ்டாட்.

அதற்குள் மின்சாரமும் இல்லை, கணினியும் இல்லை. சிறிய உலோகக் குப்பிக்குள் மெழுகு இருக்கிறது. சூடு ஏறினால் மெழுகு உருகிப் பருத்து ஓர் ஊசியைத் தள்ளும். ஸ்பிரிங்கை எதிர்த்து வால்வு திறக்கும். ஆறினால் ஸ்பிரிங் மூடிவிடும். உலோகத்தின் மேல் 82 அல்லது 88 என்று பொறித்திருப்பார்கள், 76.5, 78 என்ற எண்களையும் காணலாம். இது திறக்கத் தொடங்கும் சூடு, பாகை செல்சியஸில். முழுவதும் திறக்க அதற்கு மேல் இன்னும் 10 முதல் 15 பாகை வேண்டும்.

முதல் படி: தெர்மோஸ்டாட் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது

இதைக் காலையில், இரவு முழுவதும் நின்ற காரில் செய்யுங்கள். ரேடியேட்டரில் இரண்டு தடித்த ஹோஸ்கள் இருக்கும், மேலே ஒன்று, கீழே ஒன்று. ஒவ்வொன்றையும் விரலால் தொட்டபடி என்ஜின் பக்கம் போங்கள். எது இரண்டு மூன்று போல்ட்களால் இறுக்கிய, கூன் விழுந்த ஒரு மூடியில் போய் முடிகிறதோ, அந்த மூடிக்குள்தான் தெர்மோஸ்டாட் இருக்கும்.

மேல் ஹோஸின் முடிவில் இருந்தால் அது தண்ணீர் வெளியேறும் வாயிலில் உள்ளது. எங்கள் ஊரில் இன்னும் ஓடும் ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் போன்றவற்றில் அப்படித்தான். ஹெட்டின் முன்பக்கம் எல்லோருக்கும் தெரியும்படி உட்கார்ந்திருக்கும். கீழ் ஹோஸின் முடிவில் இருந்தால் அது தண்ணீர் உள்ளே நுழையும் வாயிலில் உள்ளது. டொயோட்டா, ஹொண்டா பலவற்றில் இந்த முறைதான். இடுக்கான இடம். சில கார்களில் ஆல்டர்னேட்டரைக் கழற்றினால்தான் கை உள்ளே போகும்.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம்? குளிக்கச் சுடுதண்ணீர் விளாவுவதை நினைத்துக்கொள்ளுங்கள். வாளியில் குளிர்ந்த நீரைக் கலந்து, கையை விட்டுப் பார்த்து, பதமானதும் தலையில் ஊற்றுவது ஒரு வழி. உள்வாயிலில் இருக்கும் தெர்மோஸ்டாட் அதைச் செய்கிறது: பைபாஸில் வரும் சூட்டு நீரும் ரேடியேட்டரில் இருந்து வரும் ஆறிய நீரும் கலந்த கலவை என்ஜினுக்குள் போகுமுன் அதன் குப்பியைத் தொடுகிறது. வெளிவாயிலில் இருப்பதோ ஊற்றிய பிறகு துள்ளிக் குதிப்பவனைப் போன்றது. சூடேறித் திறந்ததும் ரேடியேட்டரில் தேங்கி நின்ற குளிர்ந்த நீர் ஒரேயடியாக உள்ளே பாய்கிறது. அது என்ஜின் முழுவதையும் சுற்றி மேலே வந்த பிறகே தெர்மோஸ்டாட்டுக்குச் சேதி தெரியும். உடனே மூடும். மறுபடி திறக்கும். பழைய கார்களில் காலையில் ஊசி சில நிமிடம் ஏறி இறங்கி ஊசலாடுவதற்கு இதுவே காரணம். பயப்பட ஒன்றும் இல்லை.

இங்கே ஒரு பெரிய ஏமாற்றம் காத்திருக்கிறது. உள்வாயில் வகைக் காரை ஸ்டார்ட் செய்து சில நிமிடத்தில் மேல் ஹோஸ் நன்றாகச் சுடும், கீழ் ஹோஸ் பச்சைத் தண்ணீராக இருக்கும். தெர்மோஸ்டாட் திறக்கும் வரை அப்படி இருப்பதே ஒழுங்கு. இதைத் தொட்டுப் பார்த்துவிட்டு “ரேடியேட்டர் அடைத்துவிட்டது, மாற்ற வேண்டும்” என்று தீர்ப்புச் சொல்பவர்களை நான் கண்டிருக்கிறேன். வெளிவாயில் வகையில் இதற்கு மாறாக, மேல் ஹோஸே குளிர்ந்து இருந்து திடீரென்று சூடாகும். வகை தெரியாமல் ஹோஸைத் தொட்டுப் பார்ப்பதில் பயனில்லை.

இரண்டாம் படி: சென்சர்களை எண்ணுவது

ஒரே சென்சர்தான் எல்லாவற்றையும் பார்க்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். பழைய ஜப்பானியக் காரில் மூன்று இருக்கலாம். ஒற்றை வயர் உள்ளது டாஷ்போர்ட் ஊசிக்கானது. இரண்டு வயர் உள்ளது என்ஜின் கணினிக்கானது. மூன்றாவது ரேடியேட்டர் விசிறியை இயக்கும் வெப்ப சுவிட்ச். புதிய கார்களில் கணினியின் ஒரே சென்சரே மூன்று வேலையையும் பார்க்கிறது.

ஊசியின் சென்சரும் கணினியின் சென்சரும் பெரும்பாலும் ஹெட்டில் இருந்து தண்ணீர் வெளியேறும் இடத்தில், தெர்மோஸ்டாட்டுக்கு என்ஜின் பக்கமாக இருக்கும். மிகச் சூடான நீர் அங்கேதான். ஆகவே 82 என்று பொறித்த தெர்மோஸ்டாட் கீழே உள்வாயிலில் நல்ல நிலையில் இருக்க, மேலே சென்சர் 88, 90 என்று காட்டினால் முரண்பாடு இல்லை. இரண்டும் இரண்டு இடத்தில் நின்று இரண்டு சூட்டைப் பார்க்கின்றன.

விசிறியின் சுவிட்ச் சில கார்களில் ரேடியேட்டரின் அடித்தொட்டியில் இருக்கும். அதை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கிக்கொண்டால் ரேடியேட்டருக்குச் சுடுநீர் போகவே போகாது. சுவிட்சும் குளிர்ந்தே இருக்கும். ஹெட்டில் தண்ணீர் கொதிக்க, விசிறி சும்மா நிற்கும். விசிறியை மாற்றிப் பணம் போனதுதான் மிச்சம் என்ற கதைகள் இப்படிப் பிறந்தவை. இன்னொரு புதிரும் உண்டு: பழைய டொயோட்டாக்கள் சிலவற்றில் அந்தச் சுவிட்ச் சூடானால் இணைப்பைத் துண்டிக்கும் வகை. வயரைக் கழற்றினால் விசிறி ஓடும். வேறு பல கார்களில் இரண்டு முனையையும் இணைத்தால்தான் ஓடும்.

மல்டிமீட்டர் உள்ளவர்கள் கணினியின் சென்சரைத் தாங்களே அளந்து பார்க்கலாம். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். பல ஜப்பானியக் கார்களில் எங்கள் காலைநேரச் சூட்டில், 28 பாகை என்று வையுங்கள், ஏறத்தாழ 2 கிலோ ஓம் காட்டும். 80 பாகையில் 300 ஓம் அளவுக்கு விழும். ஸ்கேனரில் தண்ணீரின் சூடு −40 என்று வந்தால் யாழ்ப்பாணம் உறைந்துவிட்டது என்று கொள்ள வேண்டாம். சென்சரின் வயர் எங்கோ கழன்றிருக்கிறது.

ஒற்றை வயர் சென்சரை மாற்றும்போது அதன் மரையில் வெள்ளை டேப்பைக் கண்டபடி சுற்றாதீர்கள். அதன் எர்த் அந்த மரை வழியாகவே போகிறது. டேப் அதைத் தடுத்தால் ஊசி குறைத்துக் காட்டும்.

மூன்றாம் படி: ஊசியை விட நல்ல சாட்சி

இன்றைய பல கார்களில் ஊசி வேண்டுமென்றே சோம்பலாக்கப்பட்டிருக்கிறது. ஏறத்தாழ 80க்கும் 100க்கும் இடையே எங்கே நின்றாலும் அது நடுக்கோட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஓட்டுபவர் வீணாகப் பதறக் கூடாது என்பது தயாரிப்பாளரின் எண்ணம். விட்ஸ், வேகன் ஆர் போன்ற சிறிய கார்கள் பலவற்றில் ஊசியே கிடையாது. குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, கொதித்தால் சிவப்பு விளக்கு, இடையில் மௌனம். அந்தச் சிவப்பு விளக்கு எரியும்போது பாதிச் சேதம் நடந்திருக்கும்.

ஆகவே ஸ்டியரிங்குக்குக் கீழே, காரின் கணினியோடு பேசுவதற்கென்று உள்ள ஓபிடி துளையில் செருகும் சிறிய புளூடூத் ஸ்கேனர் ஒன்றை வாங்கி, கைப்பேசியில் தண்ணீரின் சூட்டை எண்ணாகப் பாருங்கள். ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கென்று செய்த பழைய கார்கள் சிலவற்றோடு இது பேசாது. வாங்குமுன் உங்கள் காரில் செருகிப் பார்க்கக் கேளுங்கள்.

குளிர்ந்த காரை ஸ்டார்ட் செய்யுங்கள். எண் ஒரே சீராக ஏறும். 80ஐத் தாண்டியதும் ஏற்றம் மெதுவாகும். கீழ் ஹோஸும் சூடாகத் தொடங்கும். நின்ற காரில் 95 அளவில் விசிறி ஓடும், சில பாகை இறங்கியதும் நிற்கும். விசிறி தானாக எப்போது வேண்டுமானாலும் சுழலும் என்பதால் விரல், துப்பட்டா, சேலைத் தலைப்பு எதுவும் அதன் பக்கம் போக வேண்டாம்.

எண் 100ஐத் தாண்டியும் கீழ் ஹோஸ் குளிர்ந்திருந்தால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை. அல்லது உள்ளே காற்று அடைத்திருக்கிறது, அல்லது பம்ப் வேலை செய்யவில்லை. உடனே நிறுத்துங்கள். பண்ணைப் பாலத்தில் காற்றை எதிர்த்து ஓடும்போது 65க்கு இறங்கி, பஸ் நிலையத்தடியில் நின்றால் 85க்கு ஏறுகிறது என்றால் தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கியிருக்கிறது. பி0128 என்ற பிழைக் குறியும் அதையே சொல்லும். பாலத்திலும் நெடுஞ்சாலையிலும் ஒழுங்காக இருந்து, நல்லூர்த் திருவிழா நாளில் ஊர்ந்து போகும்போது மட்டும் கொதித்தால் முதலில் விசிறியைப் பாருங்கள். நெடுஞ்சாலையில்தான் கொதிக்கிறது என்றால் தண்ணீர் ஓட்டம் போதவில்லை: ரேடியேட்டர், பம்ப், பாதி திறக்கும் தெர்மோஸ்டாட் என்ற ஒழுங்கில் தேடுங்கள்.

நான்காம் படி: கழற்றிச் சோதிப்பது

என்ஜின் முற்றாக ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டும். 0.9 பார் அழுத்த மூடி இருக்கும்போது உள்ளே தண்ணீர் 118 பாகை வரை கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த கணத்தில் அழுத்தம் போய், அத்தனையும் ஒரேயடியாகக் கொதித்து முகத்தில் அடிக்கும்.

கூலன்டை, அதாவது இதுவரை தண்ணீர் என்று நான் சொல்லிவந்த நீர்க்கலவையை, ஒரு வாளியில் வடித்தெடுங்கள். அது நஞ்சு, இனிக்கவும் செய்யும். முற்றத்தில் ஆடு, நாய், குழந்தை இருக்கும் வீடுகளில் ஒரு நிமிடமும் திறந்து வைக்க வேண்டாம். மூடியின் போல்ட்களைக் கழற்றித் தெர்மோஸ்டாட்டை எடுங்கள். எடுக்குமுன் அது எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று ஒரு படம் பிடித்துவிடுங்கள். இது என் அனுபவத்தில் ஸ்பானரை விடப் பயன்பட்ட கருவி.

பிறகு குசினி. பழைய சட்டி ஒன்றில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி, அடியில் படாமல் தொங்கவிடுங்கள். அடியில் பட்டால் அடுப்பின் சூட்டையே அது வாங்கும். சமையல் வெப்பமானி ஒன்றையும் அதே ஆழத்தில் பிடியுங்கள். வால்வின் இடுக்கில் நூலைக் கவ்வவிட்டுத் தொங்கவிட்டால், திறக்கும் கணத்தில் தெர்மோஸ்டாட் தானே நூலில் இருந்து விழும். அந்த நேரத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பொறித்த எண்ணுக்கு இரண்டு மூன்று பாகை முன்பின் இருந்தால் நல்லது. 95 அளவில் வால்வு 8 மில்லிமீட்டராவது எழும்பியிருக்க வேண்டும். ஆறியதும் இடைவெளி இல்லாமல் மூட வேண்டும். சந்தேகம் என்றால் புதிதை வாங்குங்கள். ஆனால் அந்தப் புதியதையும் பூட்டுமுன் சட்டியில் போட்டுப் பாருங்கள். பெட்டியின் பளபளப்பு எதற்கும் உத்தரவாதம் இல்லை.

ஐந்தாம் படி: திரும்பப் பூட்டுவது

ஸ்பிரிங்கும் குப்பியும் உள்ள பக்கம் என்ஜினைப் பார்க்க வேண்டும். தலைகீழாகப் பூட்டினால் குப்பியைச் சுடுநீர் தொடாது. கார் கொதித்த பிறகும் வால்வு மூடியே இருக்கும். விளிம்பில் சின்னஞ்சிறிய ஆடும் ஊசி ஒன்று இருந்தால் அது மேலே வரட்டும். உள்ளே அகப்பட்ட காற்று வெளியேறும் துளை அது. பழைய ரப்பர் வளையத்தை எறிந்துவிட்டுப் புதிதைப் போடுங்கள்.

பிறகு பொறுமை வேண்டும். காரின் மூக்கு சற்று மேலே இருக்கும்படி நிறுத்துங்கள். ஹீட்டர் இருந்தால் முழுச் சூட்டில் வையுங்கள். கூலன்டை மெதுவாக ஊற்றி, மூடியைத் திறந்தபடி ஸ்டார்ட் செய்து, குமிழி வருவது நிற்கும் வரை சிறிது சிறிதாக நிரப்பிய பின் மூடுங்கள். விசிறி இரண்டு முறை ஓடி நிற்கும் வரை காத்திருங்கள். மறுநாள் காலை மட்டத்தை மறுபடி பாருங்கள், குறைந்திருக்கும். காற்றுக் குமிழி ஒன்று சென்சரின் முனையில் தங்கிவிட்டால் பளையில் எனக்கு நடந்ததுதான் உங்கள் முற்றத்திலும் நடக்கும்: எண் குறையும், ஹெட் வேகும். அக்வா, 2009க்குப் பின் வந்த பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார்களில் பம்ப் மின்சாரத்தில் ஓடுவது. அவற்றில் காற்று எடுக்கும் முறை வேறு, இன்வெர்ட்டருக்கென்று தனிக் கூலன்ட் தொட்டியும் உண்டு. அதைத் தெரிந்தவரிடம் விடுவதே நல்லது.

“எங்கள் வெயிலுக்கு இது எதற்கு, தம்பி?”

என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி இது. கொடிகாமத்துக் கதைக்குப் பிறகு ஒரு கராஜில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி என் கையில் தந்துவிட்டு, இது குளிர் நாட்டுக்காரருக்கு என்றார்கள். இரண்டு மாதம் அப்படியே ஓட்டினேன். பெற்றோல் அதிகம் குடித்தது. ஒயில் மூடியில் மோர் போன்ற படிவு வந்தது. மதிய வேளையில் ஏசி போட்டால் முன்பை விடச் சூடேறியது.

கடைசியாகச் சொன்னதைப் பலர் நம்ப மாட்டார்கள். உள்வாயில் வகைத் தெர்மோஸ்டாட்டின் அடியில் இரண்டாவது தட்டு ஒன்று உண்டு. மேல்வால்வு முழுவதும் திறக்கும்போது அந்தத் தட்டு பைபாஸை அடைக்கிறது. தெர்மோஸ்டாட்டையே எடுத்துவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். சுடுநீரில் ஒரு பங்கு ரேடியேட்டரைப் பார்க்காமலே என்ஜினுக்குத் திரும்பும். குளிர வைக்கச் செய்த வேலை கொதிக்க வைக்கிறது. வெயில் 35 பாகையாகவே இருக்கட்டும், என்ஜின் விரும்பும் 90க்கு அது இன்னும் 55 பாகை கீழே.

சூடு என்ஜினுக்குத் தேவை என்பதை எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 1990களில் பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லாதபோது இந்த ஒஸ்டின்களும் மொறிஸ்களும் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, என்ஜின் சூடேறிய பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். குளிர்ந்த என்ஜினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது; எரியாத மிச்சம் கீழே வடிந்து ஒயிலை நீர்க்கச் செய்யும். அன்று சூட்டை இப்படிப் பேணிய ஊரில் இன்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிகிறார்கள்.

கிணற்றுத் தண்ணீர்

குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக் கல். எங்கள் கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் படிவு ரேடியேட்டருக்குள்ளும் படியும். மிகச் சூடான ஹெட்டில்தான் முதலில் படியும். சென்சரின் முனையில் படிந்தால் அதற்குச் சூடு தாமதமாகத் தெரியும். தெர்மோஸ்டாட்டின் தண்டில் படிந்தால் சிக்கும். கரையோரக் கிணறுகளின் உவர்நீர் அலுமினியத்தையும் அரிக்கும். மழைநீர் சேமிக்கக் கொடுத்து வைத்தவர்கள் தவிர மற்றவர்கள் கலந்தே வரும் கூலன்டை வாங்குங்கள், அல்லது கனிமம் நீக்கிய நீரில் கலவுங்கள்.

வழியில் கொதித்தால்

ஏசியை நிறுத்துங்கள், ஹீட்டரை முழுவதும் திறந்துவிட்டு, நிழல் தேடாமல் முதல் ஓரத்திலேயே நிறுத்துங்கள். ஊசி திடீரென்று விழுந்தால் அது நற்செய்தி என்று எண்ணாமல் திறப்பைத் திருப்பி என்ஜினை உடனே அணையுங்கள். என்ஜின் முற்றாக ஆறும் வரை, குறைந்தது அரை மணி நேரமாவது, மூடியைத் தொட வேண்டாம். பிறகு தடித்த துணியை வைத்துக் கால் சுற்றுத் திருப்பி, சீறல் அடங்கிய பின் திறவுங்கள். வற்றிய, இன்னும் சுடும் என்ஜினுக்குள் பச்சைத் தண்ணீரைக் கவிழ்த்தால் உலோகம் வெடிக்கும். நன்றாக ஆறட்டும். பிறகு என்ஜினை மெதுவாக ஓடவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். அந்த நேரத்தில் கிணற்று நீரானாலும் பரவாயில்லை. வீடு வந்ததும் வடித்துக் கழுவிவிடலாம். ஊற்றுவது கீழே ஒழுகிக்கொண்டே இருந்தால் ஊற்றுவதை விட்டு, இழுத்துப் போக ஒரு வண்டிக்குத் தொலைபேசி எடுங்கள்.